எல்லாப் பெட்டியிலும் நிறை

இதைச் சரியாகச் சொல்லி முடிக்க வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது. கயிறு, பெட்டி, ஓலை, முள் என்று நாலு சமாச்சாரம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லிவிட்டால் கதை கவிழ்ந்துவிடும். ஆனைமடு அரண்மனை வெயிலாளுக்கும் தினமும் இதே கவலைதான். அவளுக்குக் கவிழ்வது கதை அல்ல, தலை.

மன்னர் வல்லபராயருக்கு வெயில் ஆகாது. வெளியே போய் எதையும் பார்க்கமாட்டார். சபையிலேயே எட்டு மரப்பெட்டிகளை மாட்டி வைத்திருந்தார். ஏரி, களஞ்சியம், அடுப்படி என்று ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு கயிறு கப்பிமேல் ஏறிவந்து ஒரு பெட்டிக்குள் நுழையும். வருவது இன்னது என்று பெட்டிக்குத் தெரிய வேண்டுமே? அதற்கு ஓர் ஓலை நறுக்கைச் செருகுவார்கள். ஏரியில் மிதக்கும் கட்டைக்கு ‘ஆழம்’ ஓலை. கயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பெட்டி பார்க்கும். களஞ்சியத்தில் தொங்கும் நெல் மூட்டைக்கு ‘நிறை’ ஓலை. கயிற்றில் எவ்வளவு கனம் என்று பார்க்கும். அடுப்படிக்கு ‘கொதி’ ஓலை. கயிறு கட்டிய அண்டா மூடி குதித்தால் பெட்டியின் முகப்பிலுள்ள முள் ஏறும், மன்னர் இலைமுன் உட்காருவார்.

முள் காட்டுவதை உரக்கச் சொல்வது வெயிலாளின் வேலை. மாற்றிச் சொன்னால் தலை போகும்.

அந்தக் கோடையில் அவள் தினமும் ஒன்றையே சொல்ல வேண்டி வந்தது.

“ஏரி குறை, அரசே.”

“விடிந்தால் குறை, குறை!” மன்னர் சீறினார். “நாளை முதல் எல்லாப் பெட்டியிலும் நிறை இருக்க வேண்டும்!”

அமைச்சர் தாண்டவராயர், எதற்கு என்று கேட்டுப் பழகாதவர். தச்சரைக் கூப்பிட்டு எட்டுப் பெட்டியிலும் ‘நிறை’ ஓலையையே செருகச் சொன்னார்.

மறுநாள் ஏரி முள் உச்சியில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? கயிறு எட்டும் மட்டத்தில் தண்ணீர் இல்லாமல் கட்டை அந்தரத்தில் முழுக் கனத்தோடு தொங்கியது. ஏரி வற்ற வற்ற முள் ஏறியது.

“ஏரி… நிறை,” என்றாள் வெயிலாள், பாதித் தொண்டையில். அன்று காலைதான் அதே ஏரியில், கணுக்கால் தண்ணீரில், குடத்தைச் சாய்த்துச் சாய்த்து மொண்டு வந்திருந்தாள்.

“ஆஹா! நாளைக் காலை மதகைத் திறந்து என் தாமரைக் குளத்தை நிரப்புங்கள்!”

வெயிலாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருக்கிற தண்ணீரும் போனால் ஊர் நாற்றெல்லாம் கருகும். ‘நிறை என்று சொன்னவள் இவள்தானே’ என்று தன்னைத்தான் பிடிப்பார்கள். அமைச்சரிடம் ஓடினாள்.

“ஐயா, ஏரி காய்ந்து கிடக்கிறது. ஓலை மாறிப்போச்சு.”

“முள் என்ன காட்டுகிறது?”

“நிறை.”

“முள்ளைவிடப் படித்தவளா நீ?”

“மூன்றாம் சுவடியோடு நின்றவள், ஐயா.”

“அப்புறம் என்ன பேச்சு? போ.”

அவள் நேரே அடுப்படிக்குச் சமையல்காரனிடம் போனாள். “சொக்கப்பா, நாளைக்கு உலை வைக்காதே. வெறும் அண்டாவைத் தூக்கிக் கயிற்றில் கட்டிவிடு.”

“என் தலை போய்விடும், அக்கா!”

“என் தலை பாதி போயாச்சு. மீதியையாவது காப்பாற்று.”

காலையில் அடுப்படி முள் விர்ரென்று உச்சிக்கு ஏறியது. மன்னர் இலைமுன் உட்கார்ந்தார். நாலு பேர் மூச்சிறைக்க வெண்கல அண்டாவைத் தூக்கி வந்தார்கள். சொக்கப்பன் கரண்டியை விட்டுத் துழாவினான். டங் டங் என்றது.

“சோறு எங்கே?”

“அடுப்படி நிறை, அரசே,” என்றாள் வெயிலாள்.

“என் வயிறு காய்கிறது!”

“வயிற்றை எதற்குக் கேட்கிறீர்கள்? முள்ளைக் கேளுங்கள். அமைச்சர் அப்படித்தான் சொன்னார்.”

தாண்டவராயர் உத்தரத்தைப் பார்த்தார். வெயிலாள் அண்டாவைத் தட்டிக் காட்டினாள்.

“அண்டா கனம்தானே, அரசே? பெட்டி பொய் சொல்லவில்லை. உள்ளே சோறு இருக்கிறதா என்று அதை யாரும் கேட்கவில்லை. ஏரியையும் அப்படித்தான் கேட்டோம். தொங்குகிற கட்டையை நிறுத்துப் பார்த்து, தண்ணீர் என்று நான் கத்தினேன்.”

மன்னர் அண்டாவை எட்டிப் பார்த்தார். அடியில் அவர் முகம்தான் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கப் பசி கூடியது.

“மதகைத் தொடாதீர்கள்! தாண்டவராயரே, நீர் போய் ஏரிக்குள் நில்லும். மழை வரும்வரை, தண்ணீர் எதுவரை என்று அங்கிருந்தே கத்தும். வெயிலாள், உனக்குப் பரிசு நிறையத் தருகிறேன்!”

வெயிலாள் பதறிப்போய்க் கும்பிட்டாள். “ஐயோ, ‘நிறைய’ வேண்டாம், அரசே! இன்னது என்று சொல்லிவிடுங்கள்!”

மன்னர் மறுபடி சிரித்து, கறவைப் பசு ஒன்றை ஓட்டிப்போகச் சொன்னார்.

பெட்டிகளுக்குப் பழைய ஓலைகளை மாட்டிவிட்டு, களஞ்சியத்துக்கு ஒன்றை வைத்து, மிச்சமிருந்த ‘நிறை’ ஓலை ஏழையும் வெயிலாள் மடியில் கட்டிக்கொண்டாள். பாதி வழியில் அந்த ஏழையும் பசுவின் வாயில் கொடுத்தாள். கடைசி நறுக்கும் தொண்டையில் இறங்குகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தாள்.