பிடிக்கலையாம்

உலகம்மைக்கு அன்று பொறுமை காலை ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது. சிவசைலம் வாத்தியார் அதே சேதியை ஏழாவது தடவையாகச் சொல்லிவிட்டார்.

"செண்பகத்துக்கு நான் வர்றது பிடிக்கலைம்மா."

செண்பகம் அவருடைய ஒரே மகள். சங்கரன்கோவிலில் அவள் குழந்தைக்கு அன்று சாயங்காலம் பெயர் வைக்கிறார்கள். மலையடிவாரத்து மடத்திலிருந்து அந்த ஊருக்கு ஒரே பஸ்தான், பதினொரு மணிக்கு. அதை விட்டால் தாத்தா வாயால் பேரப்பிள்ளையின் காதில் பெயர் சொல்வது நடக்காது.

மடத்தை நடத்தும் உலகம்மை, மனநல மருத்துவமனையில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். சீடர் சிவசைலமோ அவரைவிடப் பதினேழு வயது மூத்தவர். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியவர். குருவின் பேச்சிலேயே சந்திப்பிழை பிடிக்கிற சீடரை வைத்துக்கொண்டு எந்தக் குருதான் நிம்மதியாக இருக்க முடியும்?

"பிடிக்கலைன்னு செண்பகம் சொன்னாளா?"

"சொல்லணுமாக்கும்? போன்ல, 'சரிப்பா, வாங்க'ன்னா. உடனே வெச்சுட்டா."

"'வாங்க'ன்னுதானே சொல்லியிருக்கா!"

"அந்தக் குரலை நீங்க கேக்கலையே. பத்திரிகை விஷயத்தை அவ இன்னும் மறக்கல."

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. சம்பந்தி ஆசையாக அச்சடித்துக் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையில், 'திருமணப் பத்திரிகை' என்பதில் நடுவே வரவேண்டிய 'ப்' விட்டுப்போயிருந்தது. வாத்தியார் சொந்தக்காரர்கள் முன்னால் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தி, பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சம்பந்தி கூசிப்போய் நின்றாராம். கல்யாணம் முடிந்த பிறகு வாத்தியார் அந்த வாசலை மிதிக்கவில்லை.

உலகம்மை ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக் கீரையை முறத்தில் போட்டார்.

"வாத்தியாரே, 'நாளைக்கு மழை பெய்யுமாம்.' இதுல கடைசியில வர்ற 'ஆம்' எதுக்கு?"

இலக்கணம் என்றதும் வாத்தியாரின் முதுகு நிமிர்ந்தது. "அடுத்தவங்க சொல்லிக் கேட்டது. நாம நேர்ல பாத்ததில்ல, அதுக்கு நாம பொறுப்பில்லன்னு அர்த்தம்."

"இப்ப உங்க வாக்கியத்துல அதைச் சேருங்க."

"எந்த வாக்கியத்துல?"

"ஏழு தடவை சொன்னீங்களே, அதுல!" மடம் என்றும் பாராமல் உலகம்மை கத்திவிட்டார்.

"செண்பகத்துக்கு... நான் வர்றது பிடிக்கலையாம்."

"யாரு சொன்னது?"

வாத்தியார் முறத்திலிருந்த கீரையில் ஒரு காம்பைக் கிள்ளினார்.

"என் மனசு."

"அது சங்கரன்கோவிலுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துச்சா?"

"இல்ல." அவருக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது. நல்ல மாணவனாகத் தொடர்ந்தார். "சம்பந்தி வாசல்லயே மூஞ்சியத் திருப்பிக்குவாராம். எல்லாரும் சிரிப்பாங்களாம். எனக்கு நெஞ்சு படபடங்குதாம்."

"படபடங்குதுன்னா படபடங்குதுதான்! அதுக்கெதுக்கு 'ஆம்'? உங்க நெஞ்சு, உங்களுக்குத் தெரியாதா?" உலகம்மை தலையில் அடித்துக்கொண்டார். "முப்பத்து நாலு வருஷம் பிள்ளைங்களுக்கு என்னத்தைத்தான் நடத்தினீங்களோ!"

பஸ் நேரம் நெருங்கியதும் உலகம்மை வாத்தியாரின் பையைத் தானே எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். வாத்தியாருக்குப் பின்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. பஸ் வந்து நின்றதும், வாத்தியாரின் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவிக்கொண்டுதான் உலகம்மை பையைக் கொடுத்தார்.

ஒரு காலைப் படியில் வைத்த வாத்தியார் திரும்பினார்.

"அம்மா, 'எதுக்குப்பா வந்தீங்க'ன்னு அவளே கேட்டுட்டா? நிஜமாவே பிடிக்கலைன்னு சொல்லிட்டா?"

"ஏறுங்க பெரியவரே," என்றார் கண்டக்டர்.

அப்படியெல்லாம் சொல்ல மாட்டா என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட உலகம்மைக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் செண்பகத்திடம் அவரும் கேட்டதில்லையே.

"அவளே சொல்லிட்டா, அப்ப அந்த 'ஆம்'மை எடுத்துருங்க வாத்தியாரே," என்றார். "அவ சொல்றதுக்கு முன்னாடி நீங்க எடுக்காதீங்க."