ஆனைப்பாறை நோட்டு

நெடுங்கரைக்கும் ஆனைப்பாறைக்கும் நடுவில், ஆற்றோரமாக ஒரு நீரேற்று நிலையம் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. வால்வு திறந்து மூடுகிற வேலை செண்பகவல்லிக்கு. வயது நாற்பத்துமூன்று. சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கையில் ஸ்பானரோடு திரிகிற அந்தப் பெண்பிள்ளைதான் இந்தக் கதையில் குரு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

சீடர் கோமதிநாயகம். வயது அறுபத்தொன்று. நெடுங்கரை நகராட்சித் தலைவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில், தன் ஊருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விடச் சொல்லி அவளை மிரட்ட வந்தார். விடாவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார்.

"மாத்துங்க அண்ணாச்சி. அங்கேயும் ரெண்டு ஊரு இருக்கும்" என்றாள் அவள்.

மனிதர் வந்த வழியே திரும்பினார். மறுநாள் ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தோடு வந்து மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து மனசு கலங்கினால் அங்கேதான் வருவார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அந்த வருஷம் இரண்டு ஊரையும் ஒரே ஆசை பிடித்து ஆட்டியது. சூரியனுக்குள்ளே அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் அத்தனை சூடும் வெளிச்சமும் வருகிறதாம். அதைப் பூமியிலேயே செய்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்க, பல நாடுகள் கூட்டுச் சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் கட்டப் போகின்றன. எங்கள் ஊரில் கட்டுங்கள் என்று முப்பது ஊர்கள் விண்ணப்பம் போட்டன. இருபத்தெட்டைக் கழித்துவிட்டார்கள்.

கோமதிநாயகம் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அம்மா, கடைசி ரெண்டுல நம்ம ஊரு இருக்கு."

"நல்ல சேதிதானே அண்ணாச்சி."

"இன்னொண்ணு ஆனைப்பாறை."

"அதுவும் நல்ல சேதிதான்."

"உங்களுக்கென்ன, சொல்லுவீய. எனக்கு வயிறு எரியுது."

ஒளிக்கவில்லை மனிதர், அதைச் சொல்ல வேண்டும். அவர் மகள் வானதி இயற்பியல் படித்துவிட்டு, படித்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். நிலையம் நம் பக்கம் வந்தால் நான் ஊருக்கே வந்துவிடுவேன் அப்பா என்று சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் முதலில் விண்ணப்பம் போட்டார். ஆனால் ஆனைப்பாறையும் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மகள் பேச்சு குறைந்துபோய், ஆனைப்பாறைத் தலைவி ஜெபக்கனியின் பேச்சே வாயில் வந்தது.

"நான் ஜெயிக்கணும். என்ன செய்யணும், சொல்லுங்க."

செண்பகவல்லி ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள். "நெடுங்கரையைப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

"நெடுங்கரை நல்ல ஊரு. ஆனைப்பாறை மாதிரி கிடையாது. அங்க பதினோரு அடியிலயே பாறை இருக்கு, அஸ்திவாரத்துக்கு நல்லதுன்னு பீத்திக்கிடுதாங்க. இருக்கட்டும். ரயில்வே கேட் பக்கம் ரோடு எத்தனை அடி அகலம் தெரியுமா? பத்தொன்பதரை. நானே டேப் வெச்சு அளந்தேன். ஐப்பசி மழையில அந்த ரோட்டுல முழங்கால் தண்ணி. ஆஸ்பத்திரியில தீக்காயத்துக்குத் தனி வார்டு கிடையாது. இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் மூணு. அதுல ஒண்ணுல பிள்ளைய ஓடி விளையாட இடமில்லை."

பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். அது போதாதென்று இன்னொன்றையும் எடுத்தார்.

ஏழு மாதமாக நாள் தவறாமல் ஆனைப்பாறைக்குப் போய் வந்திருக்கிறார். அங்கே டீ குடித்து, கூப்பிடாத கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, தெருவிளக்கு முதல் சாக்கடை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். பொறாமை என்ன சும்மாவா வருகிறது, எவ்வளவு உழைப்பு அதற்கு!

முக்கால் மணி நேரம் வாசித்தார். அவள் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, உங்க ஊருக்கு மேற்கே ஆத்துல ஒரு கசம் இருக்கே."

கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான மடு. எந்தக் கோடையிலும் அது வற்றிப் பார்த்தவர் இல்லை.

"ஆமா, இருக்கு."

"இப்ப அதுல எத்தனை ஆள் ஆழத்துக்குத் தண்ணி நிக்குது?"

"அது பாட்டுக்குக் கிடக்கு. அதை யாரு போய்ப் பாத்தா?"

"பாத்துட்டு வாங்க."

"நாளைக்குப் பாக்கேன் அம்மா."

மறுநாள் ஆனைப்பாறையில் புதுத் தார் போடுகிறார்கள் என்று சேதி வந்தது. கசத்துக்குப் புறப்பட்ட ஸ்கூட்டர் பாதி வழியில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"ஜெபக்கனி இங்க வந்துட்டுப் போனாங்களாமே?"

"வந்தாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஆனைப்பாறைக்கு மே மாசம் எவ்வளவு தண்ணி போகுதுன்னு கேட்டாங்க. குறைச்சல்தான்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"நெடுங்கரையைப் பத்தி?"

"கேக்கலை."

"என்னைப் பத்தி?"

"கேக்கலையே."

"ஒரு வார்த்தை கூடவா கேக்கலை?"

"ஒரு வார்த்தை கூட."

இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இவர் அந்தம்மாவை நினைத்துச் சோறு இறங்காமல் கிடக்க, அந்தம்மாவுக்கு இவர் நினைப்பே இல்லை என்றால் என்ன அர்த்தம்? என்ன திமிர் இருந்தால் கேட்காமல் போவாள் என்று பொருமினார்.

மோட்டார் ரூம் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரஷர் மீட்டர்கள் இருக்கும். இடது பக்கம் நெடுங்கரை, வலது பக்கம் ஆனைப்பாறை. கோமதிநாயகத்தின் கண் வலது பக்க முள்ளிலேயே நின்றது.

"நேத்தையவிட இப்ப கூடியிருக்கே அம்மா. அவங்களுக்கு அதிகமா விடுதீயளோ?"

"இல்லையே."

"நல்லாப் பாருங்க. அரைப் புள்ளி ஏறியிருக்கு."

செண்பகவல்லி எழுந்துபோய் அவருக்கு எதிரிலேயே நெடுங்கரை வால்வைச் சுற்றி மூடினாள். பெரிய சக்கரம், இருபது சுற்று. அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆனைப்பாறைக்குப் போன மாதம் எத்தனை லாரி ஜல்லி வந்தது, யார் இறக்கினார்கள் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். இடது பக்க முள் இறங்கி, இறங்கி, பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் மாறியது.

"அம்மா, எங்க கவுன்சிலர் பேசுதாரு. நெடுங்கரையில குழாய்ல பொட்டுத் தண்ணி வரலையாம்!"

"ஆமா. மூடிட்டேன்."

"எப்ப?"

"இப்பத்தான். உங்களுக்கு முன்னாலதானே சுத்துனேன்."

அவர் சுவரைப் பார்த்தார். இடது பக்க மீட்டரை அன்றைக்கு அப்போதுதான் பார்த்தார்.

அவள் வால்வைத் திறந்தாள். திரும்ப இருபது சுற்று.

"புரிஞ்சுது அம்மா" என்றார் கோமதிநாயகம். கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஆனைப்பாறை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இடம் பார்க்கும் குழு வந்தது. ஐந்து நாடுகளிலிருந்து ஏழு பேர், அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்ல நம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. முதல் நாள் ஆனைப்பாறைக்குப் போனார்கள். மறுநாள் நெடுங்கரை மேல்நிலைப் பள்ளியில் பந்தல், மாவிலைத் தோரணம், இளநீர். கோமதிநாயகம் பட்டு வேட்டி கட்டியிருந்தார். பை மடியில் இருந்தது.

குழுவின் தலைவி வெள்ளை முடி வைத்த ஒரு பொறியாளர் அம்மாள். சிரித்த முகம்.

"இங்கே பாறை எத்தனை அடியில்?"

"பதினோரு அடி" என்றார் கோமதிநாயகம் சட்டென்று.

அந்த அம்மாள் காகிதத்தைப் புரட்டினாள். "நீங்கள் அனுப்பிய அறிக்கையில் முப்பத்துநாலு என்று இருக்கிறதே?"

அவருக்குக் காது சூடாகிவிட்டது. முப்பத்துநாலு அவருக்கு மனப்பாடம் இல்லை. பதினொன்றுதான் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

"சரி. இயந்திரங்களைக் குளிரவைக்க வருஷம் முழுவதும் தண்ணீர் வேண்டும். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?"

"ஆனைப்பாறைக் குளம் மாசியிலேயே வத்திரும்!"

"நாங்கள் நெடுங்கரையைக் கேட்டோம்."

கசம் அங்கேதான் கிடந்தது. பள்ளிக்கூடத்து மாடியில் ஏறினால் தெரியும். எத்தனை ஆள் ஆழம் என்று அவருக்குத் தெரியாது. தவித்துப்போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஒண்ணு மட்டும் கேளுங்க. ஆனைப்பாறையில ரயில்வே கேட் ரோடு பத்தொன்பதரை அடிதான். மழையில முழங்கால் தண்ணி நிக்கும். ஆஸ்பத்திரியில தீக்காய வார்டு கிடையாது."

அந்த அம்மாள் தலையசைத்தாள். "தெரியும். நேற்று அவர்களே அந்த ரோட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். தண்ணீர் குறைவு என்பதையும் சொன்னார்கள். ஆற்றிலிருந்து குழாய் போட ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்."

கோமதிநாயகம் பக்கத்தைப் புரட்டினார். அதிலும் ஆனைப்பாறை. அடுத்த பக்கத்திலும் ஆனைப்பாறை. இரண்டாவது நோட்டைத் திறந்தார்.

அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். மொழிபெயர்க்கிற பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அதைத் தமிழில் சொன்னாள்.

"ஐயா, நீங்க பொறந்தது ஆனைப்பாறையிலயான்னு கேக்காங்க."

பந்தலில் உட்கார்ந்திருந்த நெடுங்கரைக்காரர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

நிலையம் ஆனைப்பாறைக்குப் போனது. அன்றைக்கு அவர்கள் போட்ட வெடிச் சத்தம் ஆறு கிலோமீட்டர் தாண்டி இவர் வீட்டு மொட்டை மாடிக்குக் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் இவருக்கு உள்ளே ஒன்று வெடித்தது. மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. நாலாம் நாள் நீரேற்று நிலையத்துக்கு வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பை தோளில் தொங்கியது.

"போச்சு அம்மா."

"கேள்விப்பட்டேன்."

"எவ்வளவு அலைஞ்சேன்! வெயில்னு பார்த்தேனா, மழைன்னு பார்த்தேனா? கால் வீங்க அலைஞ்சேனே."

"அலைஞ்சீய. நான் பார்த்தேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செண்பகவல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வானதி பேசினாளா?"

"பேசினா. குதிக்கா. கட்டி முடிக்கிறதுக்கு முன்னாலயே ஆள் எடுக்காங்களாம். பக்கத்து ஊருதானே, நம்ம வீட்டுல இருந்தே வேலைக்குப் போய்ட்டு வரலாம்ப்பா, அடுத்த மாசமே வாரேங்கா."

"நீங்க என்ன சொன்னீய?"

"போனை வெச்சுட்டேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கே அசிங்கமா இருக்கு அம்மா. பெத்த மக வீட்டுக்கு வாரா. சந்தோசப்படத் தெரியலையே எனக்கு! அந்த ஊருக்கு வேலைக்குப் போறாளேன்னுதான் எரியுது."

அவர் தண்ணீரைக் குடித்து முடிக்கிற வரை அவள் காத்திருந்தாள்.

"நேத்து ஜெபக்கனி வந்தாங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் நிமிர்ந்தார். "என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"இந்தத் தடவை கேட்டாங்க."

"என்னன்னு?"

"கட்டட வேலை ஆரம்பிக்கப் போறாங்களாம். அவங்க ஊரைப் பத்தி அவங்களுக்கே தெரியாததெல்லாம் உங்க நோட்டுல இருக்காம். குழுக்காரங்க சொல்லியிருக்காங்க. அந்த ரெண்டு நோட்டையும் கேட்டு வாங்கித் தர முடியுமான்னு கேட்டாங்க."

அவர் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இதை அவங்களுக்கா? நான் ஏழு மாசம் தெருத்தெருவா அலைஞ்சு எழுதினது அம்மா! என் உசிரைக் கொடுத்து எழுதினது. கொடுக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க, நியாயமா இது? எதுக்குக் கொடுக்கணும்?"

"முழுசாக் கொடுக்க வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி. "நெடுங்கரையைப் பத்தி எழுதின பக்கத்தையெல்லாம் கிழிச்சு நீங்க வெச்சுக்கிடுங்க. மீதியைக் கொடுங்க."

கோமதிநாயகம் முதல் நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கடைசிவரை போனார். அப்புறம் இரண்டாவதை எடுத்தார். அதையும் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு, ஒரு பக்கத்தையும் கிழிக்காமல், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் முன்னால் மேஜையில் வைத்தார்.