பொன்மீன் குளத்தின் கசண்டு

கடல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்த காலத்தில், ஆழிமுனை என்ற துறைமுகப் பட்டினத்தில் வயிரவநாதர் என்றோர் எண்ணெய் வணிகர் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதரின் கதை இது. உங்களில் யாராவது காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வயிரவநாதருக்கு ஒரே மகன், சாத்தப்பன். எண்ணெய்ச் சாடிகளோடு கப்பலேறிச் சீனத்துக்குப் போனவன், அங்கே ஒரு பெண்ணை மணந்து கூட்டி வந்தான். அவள் பெயர் மேய்லின். மாமியார் சிகப்பிக்கு அது வாயில் நுழையவில்லை. மயிலி என்று கூப்பிட்டாள், அதுவே நிலைத்தது. மயிலி பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டு வந்தது ஒரு மண்சாடி. அதற்குள் மூன்று பொன்மீன்கள்.

அவற்றுக்காகக் கொல்லைப்புறத்தில் ஒரு குளம் கட்டினார்கள். குளம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். மாட்டுத் தொட்டியைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். மயிலி அதன் கரையில் உட்கார்ந்து தன் ஊர்ப் பேச்சில் மீன்களோடு பேசுவாள். அவள் ஊரிலிருந்து அவளோடு வந்த உயிர்கள் அவை மூன்றும்தான்.

அடுத்த வருஷம் சாத்தப்பன் மறுபடி கப்பலேறினான். கப்பலைக் கொண்டுபோகும் காற்று வீசி ஓய்ந்தது. திருப்பிக் கொண்டுவரும் காற்றும் வீசியது. மற்றவர்களின் கப்பல்கள் வந்து சேர்ந்தன. சாத்தப்பனின் கப்பல் வரவில்லை.

அன்று முதல் அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பட்டினத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று கோயில் குளத்து மீனுக்கு ஒரு பிடி பொரி போடுவார்கள். அந்த வீட்டுப் பெண்களும் போய்ப் போட்டார்கள். வயிரவநாதரோ கடைக்குப் புறப்படுவார், பாதி வழியில் திரும்புவார். துறைமுகத்துக்குப் போவார், அங்கேயும் நிற்கமாட்டார். சோற்றில் ரசம் ஊற்றுவதற்குள் இலையை விட்டு எழுந்துவிடுவார். அவர் கைகள் வேலை தேடின. அந்த நேரம் பார்த்துத்தான் கொல்லைக் குளத்தின் அடியில் அழுக்குப் படிந்திருப்பது அவர் கண்ணில் பட்டது.

விடுவாரா? தென்னந்துடைப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு அடியைப் பரபரவென்று கூட்டினார். படிந்திருந்த சேறெல்லாம் மேலே கிளம்பித் தண்ணீர் கறுத்தது. நாற்றம் அடுக்களை வரை வந்தது. மறுநாள் ஒரு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

மயிலி அதைக் கையில் ஏந்திக்கொண்டு போனாள். வாழையடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

கொஞ்ச நாளில் அடி மறுபடி அழுக்கானது. இந்த முறை தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டினார். செங்கல் பொடி போட்டுக் கல்லெல்லாம் பளபளக்கத் தேய்த்தார். வெயிலில் சுடச்சுடக் காய்ந்த அந்தக் குளத்துக்குள் கிணற்றின் குளிர்ந்த நீரை அப்படியே நிரப்பி, மீன்களை உள்ளே விட்டார். பொழுது சாய்வதற்குள் இரண்டாவது மீனும் போயிற்று. இப்படியும் ஒரு மனிதர்! எனக்குச் சொல்லும்போதே எரிச்சல் வருகிறது.

மூன்றாம் முறையும் அடி அழுக்கானது. கூடை நிறையச் சுண்ணாம்போடு வந்தார் வயிரவநாதர். மயிலி குளத்துக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். மாமனார் முன் நிமிர்ந்துகூடப் பார்க்காத பெண் அவள்.

"மாமா, இது ஒண்ணுதான் மிச்சம்" என்றாள். "இதுவும் போயிட்டா, அவரும் வரமாட்டாருன்னு என் மனசு சொல்லுது."

 வயிரவநாதரின் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கூடையைக் கீழே வைத்தார். ஆனால் கோபம் போக இடம் வேண்டுமே. அடுத்த வீட்டுக்காரன்தான் சுவருக்கு மேலே கையை நீட்டி எதையோ கொட்டுகிறான் என்று முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, மறுநாள் விடிந்ததும் கொல்லையில் கிடந்த காலிச் சாடிகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தார்.

அந்த மனிதர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். கொசு கடித்தது, கால் மரத்தது. எதிரே சாய்ந்து கிடந்த சாடியின் அடியில் எண்ணெய்க் கசண்டு, அதாவது அடிமண்டி, தடித்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் சிகப்பி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து, மகன் பெயரைச் சொல்லிக் குளத்தில் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கோயில் குளத்துக்குப் போட்டது அவளுக்குப் போதவில்லை போலும்.

அடுத்துச் சமையல்கார முத்தாள் வந்தாள். சாத்தப்பனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். அவளும் அவன் பெயரைச் சொல்லி ஒரு பிடி போட்டாள்.

மூன்றாவதாக மயிலி வந்தாள். இந்த வீட்டில் வேண்டுதல் என்றால் இதுதான் என்று கண்டுகொண்டவள், தானும் ஒரு பிடி போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். ஒற்றை மீன் இரண்டு பொரியைக் கொத்தியது. மிச்சமெல்லாம் ஊறி, கனத்து, மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது.

அவள் போன பிறகு வயிரவநாதர் எழுந்து குளத்தடிக்கு வந்தார். வந்தவர் கை தானாக இடுப்பு மடிக்குள் போயிற்று. பொரியை எடுத்தது. மகன் பெயரைச் சொல்ல வாய் திறந்தது.

அப்படியே நின்றுவிட்டார். தினமும் கடைக்குப் புறப்படுவதற்கு முன்னால் அவரும் இந்தக் குளத்தில் ஒரு பிடி போட்டுக்கொண்டுதான் இருந்தார். அது அதுவரை அவர் புத்தியில் ஏறவே இல்லை.

வீட்டாரைக் கூப்பிட்டு, கண்டதை மறைக்காமல் சொன்னார். தன் கையில் இருந்த பொரியையும் காட்டினார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சிகப்பிதான் கேட்டாள்: "ஒண்ணும் செய்யாம எப்படிங்க இருக்கிறது?"

வயிரவநாதர் கையிலிருந்த பொரியைப் பார்த்தார். "கை பரபரத்தா பொரியை வாயில போட்டுக்குவோம்" என்றார்.

அன்று முதல் மீனுக்கு மயிலி மட்டும் ஒரு சிட்டிகை போட்டாள், அது தின்று தீர்க்கும் அளவுக்கு. மற்றவர்கள் கரையில் உட்கார்ந்து பொரியைத் தாங்களே மென்றார்கள். அடியில் கிடந்த பழைய சேற்றுக்கும் வயிரவநாதர் வழி கண்டார். கடையில் கசண்டு எடுக்க அவர் எந்தக் காலத்திலும் சாடியைக் கலக்கியதில்லை. மூங்கில் குழலின் மேல்வாயைக் கட்டைவிரலால் மூடி, அடி வரை இறக்கி, விரலை எடுப்பார். கசண்டு குழலுக்குள் ஏறும். மறுபடி விரலால் மூடித் தூக்கிவிடுவார். அதே குழலால் குளத்தின் அடியையும் ஒரு நாளைக்கு ஒரு மூலையாக எடுத்தார். தண்ணீர் கலங்கவில்லை. மீன் விலகிக்கூடப் போகவில்லை.

குளம் தெளிந்தது. மனம் தெளியவில்லை, பொய் சொல்வானேன்? தினமும் துறைமுகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தது. ஆனாலும் மீன் உயிரோடு சுற்றி வந்தது; அதைப் பார்த்துப் பார்த்து அவர்கள் காத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டது. சாத்தப்பன் வந்திருந்தான். பாய்மரம் முறிந்து, ஏதோ ஒரு தீவில் ஒதுங்கி, மெலிந்து கறுத்து வந்திருந்தான். சிகப்பி அழுதாள், முத்தாள் திருஷ்டி கழித்தாள், மயிலி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நேரே கொல்லைக்குப் போனான். கரை சேர்ந்ததற்கு நன்றியாகத் துறைமுகத்திலேயே பொரி வாங்கி வந்திருந்தான். ஒரு பிடி அள்ளிக் குளத்துக்கு மேல் கையை ஓங்கினான்.

வயிரவநாதர் ஓடிவந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒரு பிடிதானேப்பா" என்றான் மகன்.

"எல்லாரும் ஒரு பிடிதான்டா போட்டோம்" என்றார் அப்பா.

பிடித்த கையை அவர் விடவில்லை. பொரி விரலிடுக்கில் நழுவிக் கரையில் உதிர்ந்தது. மாலை வரைக்கும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கும் எழுந்து போகாமல், அந்தக் குளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தார். கீழே ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

ஆகையால் கேட்டவர்களே, அழுக்கை அள்ளக் குனிவதற்கு முன், அதைப் போடும் கை நம்முடையதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.