தாத்தா சொன்ன இடக்கைப் பக்கம்

ஒரு ஊர்ல ஒரு ரோடு இருந்துச்சு. கடலை ஒட்டியே போற ரோடு. அந்த ஊர்க் குடிதண்ணி பூரா உப்பாப் போச்சு. சனங்க சட்டி பானையக் கட்டிட்டாங்க, மறுநாள் லாரி ஏறி ஊரை விட்டே போறதா முடிவு. ம் கொட்டுடா.

"ம்."

அந்த ஊர்ல ரோணிக்கம்னு ஒரு மீன்காரி. பிடிவாதக்காரி, இந்த அத்தை மாதிரியே. "நான் வரல. இடிஞ்ச விளக்குத்தூணுக்கு இடக்கைப் பக்கம் நல்லதண்ணிக் கெணறு இருக்குன்னு எங்க தாத்தா சொல்லியிருக்காரு"ன்னா. அவ புருசன் சூசை, "சரி, இன்னிக்குப் பொழுது சாயிற வரைக்குந்தான்"னான்.

அப்புறம் டடடடன்னு வண்டியில போனாங்க. ரோட்டுல கடலைப் பாத்து நின்னு, தூணுக்கு இடக்கைப் பக்கமா எறங்கித் தோண்டுனாங்க. சரக், சரக். பழைய காலத்துச் சிவப்பு ஓடு வந்துச்சு, ரோணிக்கத்துக்குத் தலைகால் புரியல. தண்ணியும் வந்துச்சு. நாக்குல வெச்சா, தூ, உப்பு. அப்புறம் கொஞ்சம் தள்ளித் தோண்டுனாங்க. பச்சைப் பாசிமணி வந்துச்சு. தண்ணி? தூ, உப்பு. மூணாவது குழியில ஒரு நண்டு மட்டும் வந்து, சூசை வெரலக் கவ்விட்டுக் கிடுகிடுன்னு ஓடிருச்சு. சிரிக்காத, பாவம் அவன்.

ரோணிக்கம் மண்ணுல உக்காந்து அழுதுட்டா.

அப்போ தடதடன்னு ஏழெட்டு மான், தூணுக்கு வலக்கைப் பக்கமிருந்து ரோட்டைத் தாண்டித் துள்ளிப் போகுது. எல்லாத்துக்கும் வாயில தண்ணி சொட்டுது. மான் உப்புத்தண்ணி குடிக்குமா?

"ம்ஹூம்."

ரோணிக்கம் சட்டுனு எந்திரிச்சா. "அட, எங்க தாத்தா கரையில எங்க நின்னாரு? எந்நேரமும் கடல்ல, வள்ளத்துல நின்னுல்ல கரையப் பாப்பாரு. அவருக்கு இடக்கைன்னா நமக்கு வலக்கை"ன்னா.

ஓடுனாங்க பாரு ஓட்டம்! தாழம்புதருக்குள்ள வட்டமாக் கல்லுக்கட்டு, ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்கு. தண்ணி தளும்புது. சுத்தி மண்ணுல மான்கால், நரிக்கால், கொக்குக்கால் தடம். சூசை ஒரு கை அள்ளிக் குடிச்சான். இன்னொரு கை குடிச்சான். "இனிக்குது புள்ள"ன்னான்.

மறுநாள் லாரி வந்துச்சு. சனங்க கட்டுன பானையெல்லாம் அவுத்து ஏத்துனாங்க. எங்க போச்சு லாரி? நேரா கெணத்துக்கு.

அப்புறம் கெணத்தைச் சுத்திச் செவரு கட்டுனாங்க, அந்தச் சரிஞ்ச பக்கத்தை மட்டும் அப்படியே விட்டாங்க. மான் வந்து குடிக்கணும்ல?

"...ம்."

கெணத்துல தண்ணி ஊறிருச்சு, உன் கண்ணுல தூக்கமும் ஊறிருச்சு. கதை அவ்வளவுதான், தூங்கு.