பவழாயிக்கு வந்த மூன்று பெயர்

பூக்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலைச்சோலையில் ஒரு காட்டுப்பலாக் கிளையின்மேல் ஆர்க்கிட் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அம்மா சிட்டாள், தேன்குடக் குலம். அப்பா வேலப்பன், வெண்மடல் குலம். மகள் கலப்பினம் என்பதால், அவர்கள் ஆசையாக வைத்த பெயருக்கு முன்னால் இரண்டு குலப்பெயரும் சேர்ந்து, ‘தேன்குடவெண்மடல் பவழாயி’ ஆனாள்.

யார் எந்தக் குலம் என்று சொல்வது தேன்சிட்டின் வேலை. பூவுக்குள் அலகை விட்டு ஆராய்ந்து சொல்லும். அது சொன்னால் சொன்னதுதான்.

ஒரு நாள் காலை அது சிட்டாளின் பூவுக்குள் வெகுநேரம் பார்த்தது.

“உன்னைத் தப்பாச் சொல்லிட்டேன், சிட்டாள். மகரந்தக் கட்டியைப் பார்த்தா நீயும் வெண்மடல் குலம்தான்.”

வேலப்பன் திடுக்கிட்டான். “ஒரே குலம்னா அண்ணன் தங்கச்சி முறையாச்சே. எட்டு மழைக்காலம் குடித்தனம் பண்ணிட்டோமே, ஐயா.”

“அது உங்க குடும்ப விஷயம்,” என்றது தேன்சிட்டு. “மகளுக்கு இனி இரட்டைக் குலப்பெயர் கிடையாது. குலப்பெயர் மாறினா சொந்தப் பெயரும் மாறணும், அதுதான் முறை. இனி அவ வெண்மடல் காத்தாயி.”

அதன்பிறகு வேலப்பன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் “தங்கச்சி” என்று ஆரம்பித்தான்.

பவழாயிக்கு வேறு கவலை. அவள் பூ வாட இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அதற்குள் மகரந்தம் வந்தால்தான் விதை பிடிக்கும். மறுநாள் ஒரு வண்டு முதுகில் மகரந்தத்தோடு வந்தது.

“பவழாயி யாரு?”

“நான்தான். ஆனா இப்போ காத்தாயி.”

“காத்தாயிக்கு நான் ஒண்ணும் கொண்டுவரலையே,” என்று சொல்லிவிட்டு வண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் தேன்சிட்டு மறுபடி வந்தது. “வேரையும் பார்த்தேன். சிட்டாள் வெண்மடலும் இல்லை. செந்நாக் குலம்.”

வேலப்பன் பெருமூச்சு விட்டு மனைவி பக்கம் திரும்பினான். “வெயில் ரொம்ப அடிக்குதா, சிட்டு?” என்று கேட்டான்.

தேன்சிட்டு மகளிடம் போனது. “உனக்கு இனி பேச்சாயின்னு வைக்கலாமா, பார்ப்போம்,” என்று அலகை உள்ளே விட்டது. பவழாயி உதட்டிதழை இறுக்கி மூடிக்கொண்டாள்; அலகு உள்ளே மாட்டிக்கொண்டது.

“விதும்மா,” என்றது தேன்சிட்டு, அலகைத் திறக்க முடியாமல் மூக்கால்.

“குலத்தை நீ நூறு தடவை மாத்து. பார்த்ததைச் சொல்றே, அது உன் வேலை. ஆனா பவழாயிங்கறது என்னைப் பெத்தவங்க வச்ச பேரு. அதைக் கேட்டுத்தான் வண்டு வருது. அதுல கை வைக்கமாட்டேன்னு சொல்லு.”

“முதைன்னு ஒண்ணு...”

“நாளைக்கு நான் வாடிடுவேன். அப்பவும் உன்னை விடுறதா இல்லை.”

தேன்சிட்டுக்கு மூச்சு முட்டியது. “ஒத்துக்கதேன்,” என்றது.

விடுபட்டதும் அதுவே சோலை முழுக்கப் பறந்து, ‘செந்நாவெண்மடல் பவழாயி’ என்று கூவிச் சொன்னது. அன்று மாலையே வண்டு திரும்பி வந்தது. குலப்பெயரை அது காதில் வாங்கவே இல்லை. பவழாயி என்றதும் மகரந்தத்தை இறக்கி வைத்தது. அவளுக்கு விதை பிடித்தது.

ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனை முறை குலத்தை மாற்றினாலும், கலப்பின ஆர்க்கிட்டின் முன்னால் வரும் குலப்பெயர் மட்டும் மாறி, அதற்கென்று வைத்த சொந்தப் பெயர் அப்படியே நிற்பது அன்று முதல்தான்.