பச்சைத் தேர்

"எல்லாஞ் சரியாத்தான் செஞ்சோம். பெறகு ஏன் நெஞ்சு இப்படி அடிச்சுக்கிடுது?"

நல்லபெருமாள் இதை எஸ்தரிடம் கேட்டான்.

நல்லபெருமாள் உதயம் இளைஞர் மன்றத்தின் தலைவன். வயது நாற்பத்தொன்பது. இளைஞர் மன்றங்களுக்குத் தலைவர்கள் அப்படித்தான் அமைகிறார்கள்.

எஸ்தர் நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அவனைவிடப் பத்து வயது இளையவர்.

மூன்று வருடத்துக்கு முந்தைய மழையில் நல்லபெருமாளின் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், வரைபடத்தை விரித்தார்கள், மடித்தார்கள், போனார்கள். பிறகு எஸ்தர் வந்தார். ஒரு மதில் சுவரின் அடியில் இரண்டு செங்கல்லை உருவினார். ஒரு மணி நேரத்தில் தரை தெரிந்தது.

அன்று முதல் நல்லபெருமாள் அவரைக் குரு என்று சொல்லி வந்தான். ஆள் இல்லாத இடத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றம் வாய்க்காலை மூடிக் கிடந்த அமலைச்செடியை, ஆகாயத்தாமரையை, அகற்றிச் சுத்தம் செய்திருந்தது. நாற்பது இளைஞர்கள், நாற்பது ஜோடி புதுக் கையுறைகள், ஒரு பேனர், ஆளுக்கொரு பொட்டலம் கேசரி.

தனக்குக் கடைசியாகக் கையுறை வந்தது எந்த வருடம் என்று எஸ்தருக்கு நினைவில்லை.

இப்போது மதியம் மூன்று மணி. ஐப்பசி வானம் கறுத்துத் தொங்கியது. நகராட்சிக் கொட்டகையில் எஸ்தர் தள்ளுவண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாய்க்காலைப் பாத்தியா? கண்ணாடி மாதிரி கெடக்கு. அமலைச்செடி ஒத்த இலை கெடையாது. மாவட்டத்துலயே சிறந்த மன்றம்னு இந்த வருசம் நமக்குத்தான் விருதுன்னு பேசிக்கிடுதாங்க. ஒம்பது வருசமாக் காத்துக் கெடக்கேன்."

"சந்தோசம் அண்ணாச்சி. அமலை எங்க?"

"லாரி அனுப்புதோம்னு நகராட்சில சொன்னாங்க. அனுப்பல. பிள்ளைக எம்புட்டு நேரம் நிப்பாங்க? தண்ணியோட தள்ளி விட்டுட்டோம்."

"எங்க?"

"கீழ."

எஸ்தர் குழாயை மூடினார்.

"கீழன்னா?"

"நம்ம வார்டு பாலத்தோட முடிஞ்சிருதுல்லா. அதுக்கு அங்கிட்டு..."



எஸ்தர் கையைத் துடைத்தார். சுவரில் சாத்தியிருந்த நீளமான கொக்கிக் கம்பை எடுத்துத் தோளில் வைத்தார். நடந்தார்.

"எங்க போறோம்?"

"உங்க நெஞ்சு எதுக்கு அடிச்சுக்கிடுதுன்னு பாக்க."

முதல் தூறல் விழுந்தது.

நல்லபெருமாள் வழி முழுக்கப் பேசினான். பயந்தவன் பேசுவான்.

"மொத்தமா அசைஞ்சு போச்சு, எஸ்தர். பச்சைத் தேர் மாதிரி. பிள்ளைக கைதட்டுனாங்க. நீ பாத்திருக்கணும்."

"தேர் நிலைக்கு வரணுமே அண்ணாச்சி."

அவன் நடையை எட்டிப் போட்டான்.

பாலம் வந்தது. வார்டு முடிந்தது. வாய்க்கால் முடியவில்லை.

பாலத்துக்கு அப்பால் பத்து நிமிட நடை. அங்கே தாழ்வில் அறுபது வீடுகள். துப்புரவுத் தொழிலாளர்களும் கொத்தனார்களும் இருக்கும் குடியிருப்பு. அந்த இடத்தில் வாய்க்கால், சாலைக்கு அடியில் பதித்த இரண்டு குழாய்களின் வழியாகத்தான் போக வேண்டும்.

குழாய்களைக் காணோம்.

தேர் அங்கே நிலைக்கு வந்திருந்தது.

செடி, வேர், பாலித்தீன் பை, செத்த கோழி எல்லாம் சேர்ந்து ஒரு மேடாக நின்றது. மேட்டின் பின்னால் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் துணி துவைக்கும் படிகள் ஐந்து. இரண்டு மட்டும் தெரிந்தன.

ஆண்கள் எல்லோரும் வேன் பிடித்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நாலைந்து பெண்கள் விளக்குமாற்றுக் கட்டையால் செடியைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் கொக்கியை வீசி இழுத்தார். ஒரு பாய் அளவுக்கு வந்தது. வந்த இடத்தை இன்னொரு பாய் வந்து மூடியது.

"முப்பது ஆள் வேணும்," என்றார். "மழை வலுக்கதுக்குள்ள."

நல்லபெருமாள் மன்றத்தின் செயலாளர் இசக்கிராஜாவைப் போனில் கூப்பிட்டான்.

"தம்பி, கீழக் குடியிருப்புல ஒரு உதவி. வாய்க்கால் அடைச்சுக்கிட்டு. பிள்ளைகளக் கூட்டிட்டு வா."

"அது நம்ம வார்டு இல்லையே தலைவரே."

"ஒரு சேவையா நெனச்சு..."

"காலையில செஞ்சது சேவைதானே? எல்லாவனும் குளிச்சுட்டு பிரியாணி தின்னுட்டுத் தூங்குதான். நாளைக்குப் பாப்போம் தலைவரே."

இணைப்பு அறுந்தது. 'நம்ம வார்டு, நம்ம பொறுப்பு' என்று பேனரில் எழுதச் சொன்னவன் நல்லபெருமாள்தான்.

"வர மாட்டேங்குதாங்க," என்றான்.

"அவங்கட்ட என்ன சொன்னீங்க?"

"உதவி வேணும்னு சொன்னேன்."

எஸ்தர் படிகளைப் பார்த்தார். ஒன்றுதான் தெரிந்தது.

அவனும் பார்த்தான்.

"என்னை என்ன சொல்லச் சொல்லுத? நாங்க தள்ளிவிட்டதுதான் வந்து அடைச்சிருக்குன்னா? நாளைக்கே ஊரு முழுக்கப் பேச்சாயிரும். மன்றத்துப் பேரு போயிரும். ஒம்பது வருசம் எஸ்தர். எம் பிள்ளை படிப்பக்கூட நான் இம்புட்டுக் கவனிக்கல."

 எஸ்தர் கொக்கியைச் சேற்றில் குத்தி நிறுத்தினார். கரையை ஒட்டிய முதல் வீட்டுக்குள் நுழைந்தார்.

அவன் பின்னால் போனான்.

உள்ளே பேச்சியம்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு, கட்டிலின் மேல் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டிவி, பள்ளிப் புத்தகங்கள், ஒரு மிக்சி. கட்டிலில் இனி இடமில்லை. ரேஷன் அரிசி மூட்டை தரையில் இருந்தது.

எஸ்தர் மூட்டையைத் தூக்கி நல்லபெருமாளின் தலையில் வைத்தார்.

"பிடிங்க."

இரண்டு கையாலும் பிடித்தான்.

"யாருக்கா இது?" என்றாள் பேச்சியம்மா.

"இளைஞர்."

பேச்சியம்மா அவன் மீசை நரையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அடுக்கப் போனாள். சிரிக்க அவளுக்கு நேரமில்லை.

தண்ணீர் வாசல்படியைத் தாண்டியது. ஒரு விரல் அகலத்துக்கு வந்து, சிமெண்ட் தரையில் நின்று யோசித்து, பிறகு பரவியது. அவன் கால் விரல்களுக்கு இடையில் குளிர்ந்தது.

"இது எத்தனை நாளைக்கு உள்ள அரிசி?" என்றான்.

"மாசத்துக்கு," என்றாள் பேச்சியம்மா.

கழுத்து வலித்தது.

"எஸ்தர், இத எங்க எறக்க?"

"தரை இருக்கிற எடத்துல எறக்குங்க."

அவன் இந்த மூலையைப் பார்த்தான். அந்த மூலையைப் பார்த்தான்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் தலைக்கு மேல் இருந்தன. எஸ்தர் போனை எடுத்து, அழுத்தி, அவன் காதில் வைத்துப் பிடித்தார்.

இசக்கிராஜாவின் குரல் உற்சாகமாக இருந்தது.

"தலைவரே, எங்க இருக்கீங்க? மன்றத்துக்கு நிருபர் வந்திருக்காரு. போட்டோவோட நாளைக்குப் பெருசாப் போடுதாராம். விருதுக் கமிட்டிக்காரங்க பேப்பர் பாக்காம இருக்க மாட்டாங்களாம். வாய்க்காலச் சுத்தம் பண்ணது யாரோட யோசனைன்னு கேக்காரு. சட்டுனு வாங்க."

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை இறங்கியது. எங்கோ ஒரு பாத்திரம் மிதந்து சுவரில் முட்டியது. குழந்தை அழத் தொடங்கியது.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

"தலைவரே? லைன்ல இருக்கீங்களா?"

எஸ்தரின் கை அசையவில்லை. முகமும் அசையவில்லை. போன் காதிலேயே இருந்தது.

"இருக்கேன்," என்றான் நல்லபெருமாள். "எல்லாவனையும் எழுப்பு. கம்பு, கயிறு, கொக்கி, கெடைச்சத எடுத்துட்டுக் கீழக் குடியிருப்புக்கு ஓடியா. வரும்போது அந்த நிருபரையும் கூட்டிட்டு வா."

"அவரு எதுக்கு தலைவரே அங்க?"

"இங்க வாய்க்கால அடைச்சிருக்கு. வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. அத அவரு எழுதட்டும்."

"யாரு அடைச்சதாம்?"

நல்லபெருமாள் வாயைத் திறந்தான். 

"நாம," என்றான். "நான்தான் தள்ளச் சொன்னேன்."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுப்புதேன் தலைவரே," என்றான் இசக்கிராஜா.

எஸ்தர் போனை அவன் பையில் போட்டார். அரிசி மூட்டையை அவன் தலையிலிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"இப்பப் போங்க, கொக்கி கரையில நிக்குது," என்றார்.