ஆமை வரும்வரை அடைத்த வளை

அல்லிக்குளத்துக் கரையில் நண்டு வீராப்பன் வளை தோண்டிக்கொண்டிருந்தான். கரையின் மறுபுறம் தண்ணீர் கசிந்தது. தவளை கோமளி பதறி ஓடிவந்தாள். அவள் குஞ்சுகள் இன்னும் கால் முளைக்காமல் குளத்துக்குள் வாலாட்டித் திரிந்தன. தண்ணீர் வடிந்தால் ஒன்றுகூடப் பிழைக்காது.

"அடேய், நிறுத்துடா! இது பொதுக்கரை!"

"எங்கள் வம்சத்துக் கரை! இஷ்டப்படி தோண்டுவேன்!"

தகராறு வந்தால் ஆமையார்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். நிதானமான ஆசாமி என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள். அவசரம் என்று ஒன்று வருமே, அதை யார் யோசித்தார்கள்? ஆள் அனுப்பியாயிற்று. ஆமையாரும் கிளம்பிவிட்டார். ஆனால் வரவேண்டுமே!

கோமளி தத்தித் தத்தி யானை ராஜாவிடம் ஓடினாள். வீராப்பனும் விடவில்லை, பின்னாலேயே வந்தான்.

"ராஜா, இது ஆமையார் வழக்கு! நீங்கள் தலையிடக் கூடாது!" என்றான்.

"கரை யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் வருவதற்குள் குளம் காலியானால், தீர்ப்பை வைத்து இவள் என்ன செய்வாள்? அதுவரை வளையை அடைத்து வை!"

"நான் ஜெயித்தால்? வீடில்லாமல் நான் பட்ட பாட்டுக்கு யார் பதில்?"

"அதுவும் நியாயம்தான். கோமளி, ஈடாக என்ன வைக்கிறாய்?"

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வெயிலுக்கு ஒதுங்கி ஏறி உட்கார, மரநிழலில் ஒரு நிழல்கல். "அதையே வைக்கிறேன்," என்றாள்.

யானை தும்பிக்கையால் சேற்றை அள்ளி அப்பி வளையை அடைத்தது.

ஒருவழியாக ஆமையார் வந்து சேர்ந்தார். வீராப்பன் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு குதித்தான். "நடுவர் வந்தாச்சு! ராஜா உத்தரவு இனிச் செல்லாது!"

"அதைத் தொடர்வதா, எடுப்பதா என்று இனி நான் சொல்கிறேன்," என்று ஆமையார் குளத்தை எட்டிப் பார்த்தார். "விசாரணை முடியும்வரை அடைப்பு இருக்கட்டும். பாவம், நீயும் தெருவில் நிற்காதே. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மேட்டில் தோண்டிக்கொள்."

விசாரணை ஆமை நடையில் நடந்தது. குஞ்சுகளுக்குக் கால் முளைத்தது, வால் மறைந்தது. கரைக்கடியில் பழைய நண்டு வளைகளைப் பார்த்த ஆமையார் தீர்ப்புச் சொன்னார்: "கரை வீராப்பனுடையதே!"

கோமளி தோற்றுப்போனாள். பேசியபடி நிழல்கல்லை விட்டு இறங்கினாள். வீராப்பன் ஜம்மென்று ஏறி உட்கார்ந்தான். பிறகு சேற்றை நோண்டிப் பழைய வளையைத் திறந்தான். தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறியது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கரையேறி அம்மாவைச் சுற்றிக் குதித்தன. கல் போன துக்கம் கோமளிக்கு எங்கே போனதோ!

தீர்ப்பு யார் பக்கம் போனாலும், அது வரும்வரை, போனால் திரும்பாததைக் காத்து வைப்பதே முதல் நீதி.